மொட்டைக்கழுத்துச் சேவல்

தராசுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து ஆறு கம்பிக் கூண்டுகளை ஒற்றை ஆளாக இழுத்து வந்து தகர ஷெட்டுக்குள் வைத்திருந்தாள். நிமிர்ந்தால் முதுகில் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது. குனிந்தால் முட்டி மடங்க மறுத்தது. கேட்டிருந்தால் பண்ணை முதலாளியான கொழுந்தன் ஆள் அனுப்பியிருப்பான். அவள் கேட்கவில்லை. இந்த வேலையில் வேறு யார் கையும் பட வேண்டாம் என்று ஒரு வைராக்கியம்.

தராசு என்று பேர் வந்ததில் பெரிய கதை ஒன்றும் இல்லை. கோழியைக் கையில் தூக்கினால் போதும், இத்தனை கிலோ இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவாள். சந்தேகப்பட்டு நிறுத்துப் பார்ப்பவன்தான் வெட்கப்பட வேண்டியிருக்கும். அந்தப் பண்ணையில் அவளுக்குப் பதினாறு வருஷம். பதினான்கு வருஷம் புருஷனோடு. கடைசி இரண்டு வருஷம் அவன் இல்லாமல்.

அவன் செத்தது இதே ஷெட்டில்தான். கோடை மத்தியானம், காற்றாடிகள் நின்றுபோயிருந்தன, லாரி காத்துக்கொண்டிருந்தது. கோழிகளைப் பிடித்துப் பிடித்துக் கூடையில் அடைத்தவன், நடுவில் ஒருமுறை ஆபீஸ் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டிருக்கிறான். "இன்னும் அம்பது கோழிதான இருக்கு, முடிச்சுட்டு வாண்ணே" என்று திருப்பி அனுப்பிவிட்டான் கூடப்பிறந்த தம்பி. அரைமணி கழித்துக் கூடைமேல் குப்புற விழுந்து கிடந்தான். அன்று வேலைக்கு வராத அவளிடம் இதைச் சொன்னது, அங்கே வந்திருந்த லாரி டிரைவர். விசாரிக்க வந்த தொழிலாளர் ஆபீசரிடம் கொழுந்தன் சொன்னது வேறு. "குடிச்சுட்டு விழுந்துட்டாரு சார். வெக்கையில மனுஷன் சாவானா?"

ஆபீசர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். தெருவே நம்பியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் போனில், "அம்மா, அப்பா அன்னைக்கு நிஜமாவே குடிச்சிருந்தாரா?" என்று கேட்டாள். ஒரு சொட்டுத் தொடாத மனுஷனைப் பற்றி, அவன் பெற்ற பெண். "இல்லடி" என்றால், "சித்தப்பா எதுக்கு இதுல போய்ப் பொய் சொல்லணும்?" என்கிறாள். அன்று தராசின் வயிற்றில் விழுந்த நெருப்பு அணையவே இல்லை. வேலையை விட்டுவிடு என்று நாலு பேர் சொன்னார்கள். விட்டால் கொழுந்தன் நிம்மதியாகத் தூங்குவான். தினமும் காலையில் அவன் கண்ணில் படுவதற்காகவே வந்து நின்றாள்.

போன கோடையில் ஒரே மத்தியானத்தில் அறுநூறு பிராய்லர்கள் செத்தன. அதற்கப்புறம்தான் கொழுந்தன் பழைய ரகங்களைப் பற்றி யோசித்தான். பழைய ரகக் கோழியும் வான்கோழியும் வளர்த்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஓர் ஓட்டல்காரர் சொல்லியிருந்தார். எந்த ரகம் என்பதுதான் கேள்வி. தப்பான ரகத்தை இறக்கினால் அடுத்த கோடையோடு பண்ணைக்குப் பூட்டுதான். பறவையைப் பற்றி அந்தப் பண்ணையில் தெரிந்தவள் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் அவளிடம் வந்தான்.

"அண்ணி, எந்த ரகம்னு நீங்கதான் சொல்லணும்."

"சொன்னா நம்புவீங்களா தம்பி?"

அவன் பிடரியைச் சொறிந்தான். "நம்பாம என்ன? ஆனா உங்க மனசுல என்மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? வேணும்னே ஒண்ணத் தப்பா கைகாட்டிட்டீங்கன்னா நான் எங்க போறது?"

"அப்ப நீங்களே கண்ணால பாத்துக்குங்க. உச்சி மத்தியானம், காத்தாடிய நிறுத்திட்டு, கதவ மூடிட்டு, ஒன்றரை மணி நேரம். எது மொதல்ல வாயத் தொறக்குதுன்னு பக்கத்துலயே உட்காந்து பாருங்க."

"நானா உட்காரணும்?"

"நம்பிக்கை இல்லாதவங்கதான உட்காரணும்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்ததில் பல் மட்டும்தான் தெரிந்தது.

பதினொன்றரைக்குத் தகரக் கதவை இழுத்து மூடினாள். தாழ்ப்பாள் போடவில்லை. யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். விதியை முன்கூட்டியே சொல்லியிருந்தாள்: எந்தப் பறவை சிறகைத் தொங்கப்போடுகிறதோ, அதை உடனே அவள் எடுத்துக்கொண்டுபோய் வெளியே மரநிழலில் விட்டு, காலைத் தண்ணீரில் நனைப்பாள். ஒரு பறவைகூடச் சாகக் கூடாது. மனுஷனுக்கு என்று விதி எதுவும் வைக்கவில்லை.

ஆறு கூண்டு, ஆறு ரகம். முதல் கூண்டில் கொழுந்தன் ஆசைப்பட்டு வாங்கி வந்த பொன்னிறக் கோழி. கால்விரல் நுனிவரை இறகு, பார்த்தால் தலையணைக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். இரண்டாவதில் கறுப்பு, நல்ல கனம், கொண்டை மட்டும் கடுகு அளவு. மூன்றாவதில் ஒல்லியான வெள்ளைக் கோழி. கொண்டை பெரிசாகி ஒரு பக்கம் சாய்ந்து கண்ணை மறைத்தது. நான்காவது தராசு தன் வீட்டுக் கொல்லையில் ஏழெட்டு வருஷமாக வளர்த்துவரும் மொட்டைக்கழுத்து. கழுத்தில் ஓர் இறகு கிடையாது, சிவந்த வெறும் தோல். கடைசி இரண்டும் வான்கோழிகள்: ஒன்று நெஞ்சு புடைத்த பெரிய ஜாதி, மற்றது சாம்பல் நிறத்தில் சின்ன உடம்பு. கோழி மிதித்த மண்ணில் வான்கோழியை விட்டால் ஈரல் கெட்டுச் சாகும் என்பதால், அவற்றின் கூண்டுகளைத் தனியாக, எதிர்ச்சுவரோரம், கால் வைத்த பலகைமேல் ஏற்றியிருந்தாள்.

"அந்த மொட்டையத் தூக்கி வெளிய போடுங்க அண்ணி. பாதி உரிச்ச மாதிரி இருக்கு. ஓட்டல்காரர் பாத்தா ஓடிருவாரு."

"அழகு பாத்துக் கட்டிக்கவா போறீங்க? உட்காருங்க."

இருபதாவது நிமிஷம் தலையணைக் கோழி வாயைத் திறந்தது. திறந்த வாய் மூடவில்லை. தொண்டை படபடவென்று துடித்தது.

"இதுங்களுக்கு வேர்க்காது தம்பி. வாயால ஊதித்தான் சூட்ட வெளிய தள்ளணும். நம்ம பக்கத்துக் காத்துல பாதி தண்ணி. எவ்வளவு ஊதினாலும் அது எங்க போகும்?"

சிறகு தொங்கியது. தராசு எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நிழலில் விட்டாள், காலை நனைத்தாள், தானும் குடத்திலிருந்து இரண்டு சொம்பு உப்புத்தண்ணீர் குடித்தாள். ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். கொழுந்தன் நாற்காலியை விட்டு அசையவில்லை. அசைந்தால் கூண்டை மாற்றிவிடுவாள் என்ற சந்தேகம் அவனைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

அரைமணியில் பெரிய வான்கோழி சரிந்தது. முக்கால் மணியில் கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் அவள் வெளியே போனாள், காற்று வாங்கினாள், தண்ணீர் குடித்தாள், வந்தாள்.

இப்போது அவள் கொழுந்தனையும் ஒரு ரகமாகப் பார்த்தாள். குட்டைக் கழுத்து. அகல நெஞ்சு. கழுத்துவரை பொத்தான் போட்ட தடித்த சட்டை, தோல் ஷூ, காலையில் வயிறு முட்டத் தின்றது. கையில் தூக்கிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: எண்பத்தெட்டு கிலோ. இந்த வெக்கைக்கு ஆகாத ஜாதி.

அவன் முகம் முதலில் சிவந்திருந்தது. அப்புறம் வெளுத்தது. வேர்வை நின்றுவிட்டிருந்தது.

"மொட்டை எப்படி நிக்குது பாருங்க. அந்த வெறுங்கழுத்துதான் அதுக்கு ஜன்னல். வெள்ளைக்குக் கொண்டை ஜன்னல். ரத்தம் அங்க வந்து சூட்டக் கொட்டிட்டுத் திரும்பிப் போகும். ஜன்னல் இல்லாத வீட்டுக்குள்ள ஆளப் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் உதட்டை நக்கினான். "அண்ணி... கொஞ்சம் தண்ணி."

இரண்டு வருஷமாக அவள் நாக்கு நுனியில் ஊறிக் கிடந்த வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

"இன்னும் மூணு கூண்டுதான இருக்கு. முடிச்சுட்டு வாங்க தம்பி."

அவன் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. அவனுக்குப் புரிந்துவிட்டது கண்ணில் தெரிந்தது. எழப் பார்த்தான். கால் வரவில்லை. நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்தான்.

தராசு நின்ற இடத்தில் நின்றாள். மொட்டைக்கழுத்து அமைதியாக மூச்சு விட்டது. அந்த மூச்சை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. புருஷன் இப்படித்தான் கிடந்திருப்பான். இருபது எண்ணுவோம், இன்னும் இருபது எண்ணுவோம் என்று மனசு கேட்டது. பதினாறில் நிறுத்தினாள். செத்தவன் வாயிலிருந்து வார்த்தை வராது. அவளுக்கு வேண்டியது அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

கதவை எட்டி உதைத்துத் திறந்தாள். இரண்டு அக்குளிலும் கை கொடுத்து மரத்தடிக்கு இழுத்தாள். எண்பத்தெட்டு சரியாகத்தான் இருந்தது. குடத்தைத் தலையோடு கவிழ்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தீவன லாரி வந்து நின்றது. அன்று கோழி ஏற்ற வந்திருந்த அதே டிரைவர். பின்னாலேயே, எந்த ரகம் தேறியது என்று கேட்க ஓட்டல்காரரும் வந்து இறங்கினார். மற்ற ஷெட்டுகளிலிருந்தும் ஆபீசிலிருந்தும் ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். கொழுந்தன் இருமிக்கொண்டே கண் திறந்தான்.

"என்னாச்சு தராசக்கா?" என்றார் டிரைவர்.

"குடிச்சுட்டு விழுந்துட்டாரு."

ஓட்டல்காரர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"நான் குடிக்கல." கொழுந்தனின் குரல் தகரம் கிழிவதுபோல் இருந்தது. "சத்தியமா குடிக்கல. வெக்கை. உள்ள அவ்வளவு வெக்கை."

"வெக்கையில மனுஷன் விழுவானா தம்பி? ஆபீசர்கிட்ட நீங்க சொன்னதுதான. நான் அதைத்தான் கத்துக்கிட்டேன்."

டிரைவர் தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். தலையணைக் கோழி ஈரக்காலோடு கொழுந்தனின் ஷூமேல் ஏறி நின்றது. அவன் விரட்டவில்லை.

சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவனிடம் தராசு போனாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவளுக்குத் தொழிலில் பொய் வராது.

"மொட்டைக்கழுத்தும் வெள்ளையும் போடுங்க. வான்கோழில சாம்பல்தான். தலையணையும் கறுப்பும் வேண்டாம், பெரிய வான்கோழி வேண்டவே வேண்டாம். மொட்டையில முப்பது பெட்டை, சேவல் படாம தனியா அடைச்சு வச்சது, என் கொல்லையிலேருந்து தர்றேன், பிடிச்சுக்குங்க."

"சேவல்?"

"சேவல் என்கிட்டதான் இருக்கும்."

"சேவல் இல்லாம முட்டைதான அண்ணி வரும், குஞ்சு எப்படி வரும்?"

"வராது. என் பொண்ணுக்குப் போன் போடுங்க. அவ அப்பா அன்னைக்குக் குடிக்கலன்னு உங்க வாயால சொல்லுங்க. மறுநாள் காலையில அஞ்சு சேவல் உங்க ஷெட்டுல கூவும்."

கொழுந்தன் போனை எடுத்தான். திரையைத் துடைத்தான். சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டான். "நாளைக்குப் பேசுறேன் அண்ணி. இன்னைக்கு உடம்பு ஆகல."

நாளை வந்தது. வாரம் வந்தது. மொட்டைக்கழுத்து எங்கும் கிடைக்காமல், வெளியிலிருந்து வேறு ரகச் சேவல் ஒன்றை வாங்கி வந்து விட்டுப் பார்த்தான். உடம்பெல்லாம் இறகு மூடியது, இரண்டாம் நாள் மத்தியானமே வாயைப் பிளந்துகொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது. முப்பது பெட்டைகளும் ஷெட்டில் முட்டையிடுகின்றன. ஒன்றும் பொரியவில்லை. ஓட்டல்காரர் வாரத்துக்கு இரண்டுமுறை குஞ்சு எப்போது என்று கேட்கிறார். தராசின் கொல்லையில் ஐந்து மொட்டைக்கழுத்துச் சேவல்கள், சிவந்த கழுத்தை நீட்டிக்கொண்டு, பண்ணைக்குக் கேட்கும்படி கூவுகின்றன. அவள் அவற்றுக்கு நிறையத் தீனி போடுகிறாள்.

'உங்க அப்பா அன்னைக்குக் குடிக்கல.' நாலே வார்த்தை. கொழுந்தன் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி அதுதான், இன்னும் தரவில்லை.