நான்கு விரல் சரிவு

மூத்த மருமகள் தலைவலி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே பட்டறையிலிருந்து கிளம்பினாள். எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அது வயிற்றெரிச்சல். கொஞ்சம் மேலே ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

டிரம் குச்சி கடையும் அந்தக் குடும்பப் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக அவள் வைத்ததுதான் சட்டம். அவள் குச்சியின் முனை பீப்பாய்போல் தடித்திருக்கும். முனைக்குக் கீழே அவளுடைய நான்கு விரல் அகலத்துக்குள் கழுத்து சரிந்து முழுப் பருமனுக்கு வந்துவிடும். டிரம்மில் விழுந்தால் அடி நெஞ்சில் கேட்கும். ஒவ்வொரு குச்சியின் அடியிலும் அவளுடைய முத்திரை, இரட்டைக் கோடு.

இரண்டு வருடம் முன்பு கொழுந்தன் கல்யாணம் கட்டிக்கொண்டு ஒருத்தியை அழைத்து வந்தான். ஓரகத்தி வந்தாள், உளியையும் பிடித்தாள். பட்டாணி அளவில் உருண்டை முனை, நீளமாக இழுத்துக்கொண்டே போகும் ஒல்லிக் கழுத்து. அந்தக் குச்சி பட்டதும் சிம்பல், டிரம்மோடு நிற்கும் அந்த வெண்கலத் தட்டு, மணிபோலத் தெளிவாகப் பேசியது. குச்சி தானாகத் துள்ளி மேலே வந்தது. "சின்னவ கையில என்னமோ இருக்கு" என்று மாமனார் ஒருநாள் சொன்னார். சொன்னவர் அன்றே மறந்திருப்பார். மூத்தவள் மறக்கவில்லை.

"பட்டாணியை வெச்சு டிரம் அடிக்கிறாளாம்" என்பாள் இவள். "அக்கா குச்சியில நெல்லே குத்தலாம்" என்பாள் அவள். இருவரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

இந்த நேரம் பார்த்து ஒரு டிரம்மர் வந்து சேர்ந்தார். சிம்பலில் அடிக்கு அடி தனியாகக் கேட்க வேண்டும், டிரம்மில் கனம் குறையக் கூடாது, இரண்டும் ஒரே குச்சியில் வேண்டும் என்றார். மாமனார் ஒரே பலகையை அறுத்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். "ஆளுக்கு ஒரு ஜோடி செய்யுங்க. அவருக்கு எது பிடிக்குதோ, அந்த முத்திரைதான் இனிமே பட்டறைக்கு."

மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் பீப்பாய் முனை பட்டால் சிம்பலில் ஒலி குழம்பும் என்பது அவளுக்குத் தெரியாதா? மதியம் சின்னவள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் கூடையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து முனையை அளந்தாள். தன் நான்கு விரல் கழுத்தின் மேல் அந்தப் பட்டாணி முனையை வைத்துக் கடைந்தாள்; மெழுகு பூசித் துணியில் சுற்றினாள்; பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, தலைவலியோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் டிரம்மர் இரண்டு துணிகளையும் பிரித்தார். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நான்கு குச்சிகளிலும் அதே பட்டாணி முனை. நான்கிலும் அதே நான்கு விரல் கழுத்து.

மூத்தவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் சுவரைப் பார்த்தாள். இரண்டு முகத்திலும் ஈயாடவில்லை.

டிரம்மருக்கு அதெல்லாம் தெரியாது. அடித்துப் பார்த்தார். சிம்பல் பேசியது, டிரம் அதிர்ந்தது. பிறகு நான்கையும் கலந்து, ஜோடி சேர்க்கும்போது எல்லோரும் செய்வதுபோல, ஒவ்வொன்றாக மேசையில் தட்டிக் காது கொடுத்தார். இரண்டை எடுத்து நீட்டினார். "இது ரெண்டும்தான் ஜோடி. ஒரே குரல்."

மாமனார் திருப்பிப் பார்த்தார். ஒன்றின் அடியில் இரட்டைக் கோடு. இன்னொன்றில் சின்னவளின் முத்திரையான புள்ளி.

"அப்ப ஜோடியில ஒண்ணு அவ முத்திரை, ஒண்ணு இவ முத்திரை. வேற என்ன பண்றது" என்றார்.

டிரம்மர் போனதும் மூத்தவள் கை கழுவும் தொட்டிப் பக்கம் சின்னவளை மடக்கினாள். மூக்கு உடைந்தது இருவருக்கும்தான் என்பதால் சண்டை பிடிக்க முடியவில்லை.

"முனையை நான் எடுத்தேன், சரி. என் குச்சியெல்லாம் பெட்டியில பூட்டியிருந்துச்சே, என் சரிவை நீ எப்படி அளந்தே? என் விரல் வேற, உன் விரல் வேற."

"நீங்க வெச்சுட்டுப் போன டீ கிளாஸ்ல மெழுகுக் கையோட தடம் இருந்துச்சுக்கா. நாலு விரலும் அப்படியே. அதை அளந்துக்கிட்டேன்." சின்னவள் குழாயை மூடினாள். "இங்க வந்த நாள்லேர்ந்தே அந்தச் சரிவு மேல எனக்கு ஒரு கண்ணு. வயிறு எரிஞ்சிருக்கு."

மூத்தவள் தன் கையைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் புருஷன்கூட இந்த விரல்களை இத்தனை உற்றுப் பார்த்ததில்லை. பார்த்தவள் இவள் ஒருத்திதான். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சின்னவள் தோளில் வைக்கக் கையைக்கூடத் தூக்கினாள்.

"எத்தனை குச்சி வீணாச்சு, அது கைக்கு வர்றதுக்கு?"

"ஒண்ணும் வீணாகலக்கா. முதல் குச்சியிலேயே வந்துருச்சு."

அந்தச் சரிவு கைக்கு வர மூத்தவளுக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் தூக்கிய கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். இந்த முறை தலை நிஜமாகவே வலித்தது.