அர்த்தநாரி ஒப்படைத்த தெரியாது

ஒலிபரப்பு நிலையத்தில் சேர்ந்த அன்று அர்த்தநாரி தன்னுடைய ‘தெரியாது’வைப் பண்டக அறையில் ஒப்படைத்தார். ரசீது வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாடிக்குப் போய் மைக் முன்னால் உட்கார்ந்தார். கருத்துச் சொல்ல வருகிற எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கோயிலுக்கு வெளியே செருப்பை விடுவது மாதிரி, அது அங்கே வழக்கம். கொட்டைப்பாக்கு அளவில், கொஞ்சம் ஈரமாக இருந்த அதை அவர் இடது கடைவாயிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காப்பாளர் பிலோமினா அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, பெயர் எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்தார்.

அதற்கு முன்பு அர்த்தநாரி கோயம்புத்தூரில் தொழில் ஆலோசகர். பம்புசெட் பட்டறைக்காரர்கள், நூல் மில்காரர்கள் என்று யாருக்குத் தொழில் படுத்துவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற ஆலோசகர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு திரையில் படம் காட்டுவார்கள். இவர் உள்ளே நுழைந்ததும், “எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நீங்க வேலையப் பாருங்க, நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்” என்பார். லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருப்பார். ஒன்றுமே தெரியாத ஒரு மனுசர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? நான்காம் நாள் முதலாளியும் ஃபிட்டரும் போட்டி போட்டுக்கொண்டு குறைகளையெல்லாம் கொட்டிவிடுவார்கள். அர்த்தநாரி தலையை மட்டும் ஆட்டுவார். தொழில் எழுந்துகொள்ளும்.

இப்படியே நாற்பது பட்டறைகள் எழுந்ததும் ஊர் அவரை அறிவாளி என்றது. ரோட்டரி சங்கத்தில் சால்வை போட்டார்கள். சால்வை போட்ட ஆளை ஸ்டூலில் உட்கார வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. நிலையத்திலிருந்து கார் வந்தது.

ஏழு வருடம் அவர் வானொலியில் பேசினார், தொலைக்காட்சியில் பேசினார். பருவமழை, பங்குச்சந்தை, பிள்ளை வளர்ப்பு, வெங்காயம், வெளியுறவு என்று எதைக் கேட்டாலும் விடை வந்தது. கேட்காவிட்டாலும் வந்தது, அதுதான் தொந்தரவு. உள்ளே தடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் விடைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. ஒன்று வரும்போது அவர் எழுந்து நிற்பார், அடுத்தது வரும்போது நடக்க ஆரம்பிப்பார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ரசத்துக்கு முன்பே மூன்று தடவை எழுந்துவிடுவார். குக்கர் விசில் அடித்தால் அதற்கும் ஒரு விடை சொல்லிவிட்டு வருவார். கூடத்தில் அவர் நடந்த தடத்தில் தரை தேய்ந்து பள்ளமாகி, கழுவிவிட்டால் அதில்தான் தண்ணீர் நின்றது.

இதையெல்லாம் அவர் மனைவி தெய்வானை பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத விஷயம் வேறு. அவர்கள் மகன் தரணி, மாடித் தோட்டத்துக்குத் தென்னைநார்த் தொட்டி செய்து விற்கும் தொழில் ஒன்றைத் தொடங்கினான். “அப்பா, இது ஓடுமாங்கப்பா?” என்று அவன் கேட்டபோது, பழைய அர்த்தநாரியாக இருந்தால், “தெரியலையே சாமி, வா பாக்கலாம்” என்று கூடப் போய் ஸ்டூல் போட்டிருப்பார். இப்போது, “ஓடாது. ஐந்து காரணங்கள்” என்றார். வீட்டில் சொன்னதோடு விட்டிருக்கலாம். தொழில் படுத்ததும் அதையே, ‘ஓர் இளைஞர் ஏன் தோற்றார்’ என்ற தலைப்பில் நேரலையில் பேசினார். பேர் சொல்லவில்லைதான். ஆனால் தென்னைநார்த் தொட்டியில் தோற்ற இளைஞர் அந்த வட்டாரத்தில் ஒருவன்தான். அவன் அப்போது ஒரு பேக்கரியில் டிவி முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரை வைத்துவிட்டுப் போனவன் போனவன்தான். நாலு வருடமாக ஒரு போன் கிடையாது.

அன்றிலிருந்து தினமும் காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே தெய்வானை கேட்பாள். “ஏனுங்க, தரணி வருவானுங்களா?”

“வருவான்” என்பார் அர்த்தநாரி. “மூன்று காரணங்கள். ஒன்று, நகர வாடகை. இரண்டு, முப்பது வயதில் ஆண்களிடம் ஏற்படும் மனமாற்றம். மூன்றாவதாக…” அதற்குள் கால்கள் அவரை வாசல்வரைக்கும் கொண்டுபோயிருக்கும். மறுநாள் அதே கேள்விக்கு, வரமாட்டான் என்பதற்கு நாலு காரணம் வரும்.

போன திங்கட்கிழமை தெய்வானை காப்பியை ஆற்றுவதை நிறுத்தினாள். “எனக்குப் பதிலு வேண்டாமுங்க. அவன் வருவானா மாட்டானான்னு எனக்குந் தெரியாது. அதைத் தனியா வெச்சுக்கிட்டு நாலு வருசமா உக்காந்திருக்கறேன். கூட உக்காந்து தெரியாம இருக்கறதுக்கு எனக்கொரு ஆளு வேணும்” என்றாள். “வெள்ளிக்கிழமை ரெண்டரை பஸ்ஸுக்கு நான் தாராபுரம் எங்கக்கா ஊட்டுக்குப் போறேன். அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது.”

அவள் எதையும் விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. அர்த்தநாரி, போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பெண்கள் வயதான காலத்தில் உடன்பிறந்தவர்களிடம் திரும்புவதற்கான சமூகக் காரணங்கள் இரண்டு வந்தன.

அன்றைக்கே ரசீதோடு பண்டக அறைக்குப் போனார். பிலோமினா படிவம் கொடுத்தார். ஆறு கட்டங்கள் சுலபம். ஏழாம் கட்டத்தில், ‘எந்தக் கேள்விக்காகத் தேவைப்படுகிறது? அக்கேள்விக்கு உங்கள் விடை என்ன?’ என்று இருந்தது. மகன் வருவானா என்று எழுதிவிட்டு அந்த இடத்தோடு கையை எடுக்கப் பார்த்தார். கை எழுதிக்கொண்டே போனது. இடம் போதாமல் தனித்தாள் வாங்கி, இரண்டு பக்கம் எழுதி, அடியில் ஒரு வரைபடமும் போட்டது.

பிலோமினா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா பதில் இருக்கறவங்களுக்குத் திருப்பிக் குடுக்கறதில்லைங்க” என்று ‘தேவை இல்லை’ முத்திரையைக் குத்தினார்.

ஐயோ, எனக்கு அது வேண்டுமே என்று அர்த்தநாரிக்கு உள்ளே பதறியது. வாயோ, “மிகச் சரியான நடைமுறை” என்றது. பண்டக நிர்வாகத்தில் ஒழுங்கு ஏன் அவசியம் என்று கால் மணி நேரம் பேசியது. போகிற போக்கில், ஏழாம் கட்டத்தை கார்பன் வைத்து மூன்று நகல்களில் நிரப்பச் சொன்னால் தவறுகள் குறையும் என்று யோசனையும் சொன்னது. பிலோமினாவுக்கு அது பிடித்துப்போய் அந்த நிமிடமே அமலுக்குக் கொண்டுவந்தார்.

செவ்வாயன்று மை இல்லாத பேனாவோடு போனார். பேனா எழுதாவிட்டால் என்ன, நகம் கீறி எழுதியது. மூன்று நகல்களிலும் தெளிவாக விழுந்திருந்தது. முத்திரை காயும்வரை அலமாரியைப் பார்த்தபடி நின்றார். பொருளாதார நிபுணருடையது ஒரு டப்பாவில், மருத்துவருடையது ஒரு டப்பாவில் இருந்தன. கிரிக்கெட் விமர்சகருடையதை மட்டும் அண்டாவில் வைத்திருந்தார்கள். தன் பெயர் ஒட்டிய டப்பாவை அவர் தேடிக் கண்டுபிடித்தார். மூடி தூக்கிக்கொண்டு, டப்பா பிதுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் இடது கடைவாயில் எச்சில் ஊறியது.

புதன்கிழமை பதினோரு தடவை மாடிப்படி ஏறி இறங்கினார். ஒவ்வொரு படியிலும் ஒரு விடை. தெய்வானை புடவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் காலையில் அவர் பல் துலக்கி வாய் நிறையத் தண்ணீர் வைத்திருந்த சமயம் பார்த்து, பழக்க தோஷத்தில் தெய்வானை, “தரணி வருவானுங்களா?” என்று கேட்டுவிட்டாள். விடை அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. தொண்டையைத் தாண்டி வந்து, தண்ணீரில் முட்டி, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. தெய்வானை கையில் சேலையோடு அவரைப் பார்த்தாள், அவரும் கன்னம் உப்பியபடி அவளைப் பார்த்தார். நாலு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போலப் பார்த்துக்கொண்டது அப்போதுதான். பிறகு தண்ணீர் கசிந்து, இரண்டாவது காரணம் மட்டும் வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அர்த்தநாரி வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, வலது கையை மேல்துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, டவுன் பஸ் ஏறினார். நடத்துனர் எங்கே என்று கேட்க, ஜன்னலுக்கு வெளியே இடது கையைக் காட்டினார். பக்கத்து இருக்கைக்காரர் அவரை அடையாளம் கண்டு, நாடு எங்கே போகிறது என்று கேட்டார். இரண்டு நிறுத்தம் வரைக்கும் அவர் மூக்கால் மூச்சு விட்டபடி பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

பிலோமினா படிவத்தை நீட்டினார். அர்த்தநாரி இடது கையை நீட்டி, கட்டை விரலைக் காட்டினார்.

“சாருக்கு எழுதத் தெரியாதுங்களா?”

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“அப்ப ஏழாம் கட்டம் உங்களுக்கு இல்லைங்க” என்று பிலோமினா மைப்பெட்டியைத் திறந்தார். “ஆனா ஒண்ணு சார். கைநாட்டு வெச்சவங்க மைக் முன்னாடி உக்கார விதியில்ல. நாலு மணிக்கு உங்களுக்கு நேரலை இருக்குது. பாத்துக்கங்க.”

சால்வை, கார், பஸ்ஸில் திரும்பிப் பார்க்கிற முகங்கள் எல்லாம் ஒரு நொடி வந்துபோயின. இல்லை என்று சொன்னால் பொய். ஏழு வருடம் ஊர் முழுக்கத் தன் குரலைக் கேட்டவருக்கு அந்த ருசி லேசில் விடுமா? விரல் மைப்பெட்டிக்கு மேலே நின்றது. உள்ளே, கைநாட்டு வைக்கக் கூடாது என்பதற்கு ஒன்பது காரணங்கள் தண்ணீரை முட்டிக்கொண்டிருந்தன. ஒன்பதும் நல்ல காரணங்கள். ஒரு சொட்டு உதட்டோரம் வழிந்தது. அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டு விரலை அமுக்கினார்.

டப்பாவைக் கொண்டுவர இரண்டு ஆள் தேவைப்பட்டது. “ஏழு வருசம் பொழக்கமில்லாம கெடந்தா ஊதிருமுங்க” என்றார் பிலோமினா. மூடியையும் டப்பாவையும் பிளந்துகொண்டு அது பலாப்பழ அளவுக்கு வளர்ந்திருந்தது. நிலைய வாசலில் அவருடைய பெயர்ப்பலகையை ஒருவர் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்குரூ இறுக்கமாக இருந்ததால், ஆட்டோ வரும்வரை அர்த்தநாரியே இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. தெய்வானை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, இவர் ஒரு பக்கம் பிடிக்க, உள்ளே கொண்டுபோய் சோபாவின் கோடியில் இறக்கினார்கள். இனி அது வாய்க்குள் போகாது. பக்கத்தில் உட்கார்ந்து கையை மேலே வைத்துக்கொண்டால் போதும். அர்த்தநாரி குரோட்டன்ஸ் தொட்டியில் தண்ணீரைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, கையை வைத்தார். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

தெய்வானை நிலைப்படியிலேயே நின்றாள். “தரணி வருவானுங்களா?”

“தெரியலையே புள்ள” என்றார் அர்த்தநாரி.

சொன்னதும் அவருக்கு அழுகை வந்தது. கால்கள் எங்கும் போகவில்லை. தெய்வானை பையை இறக்கி வைத்துவிட்டு வந்து, சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்தாள். ரெண்டரை பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு வானொலியில் அவர் நேரத்தில் நாதஸ்வரம் போட்டார்கள். வெயில் கூடத்துக்குள் வந்து, தரையில் இருந்த பள்ளம்வரைக்கும் நீண்டது.

ஐந்து மணி வாக்கில், இருவருக்கும் நடுவே, சோபாவுக்கு முன்னால் தரையில் தரணியின் கால்கள் வந்திருந்தன. பாதத்திலிருந்து முழங்கால்வரைக்கும்தான் வந்திருந்தன, அதற்கு மேலே இன்னும் ஒன்றும் வரவில்லை. பேண்ட்டின் ஓரம் கிழிந்திருந்தது, செருப்பு முழுக்கச் செம்மண். எந்த நேரத்தில் வந்தன என்று இருவரும் கவனிக்கவில்லை.

தெய்வானை எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீரும் துண்டும் கொண்டுவந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஒவ்வொரு விரலாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டாள்.

“ரொம்ப நடந்திருக்கறான்” என்றாள். பிறகு, “மீதி எப்பங்க வரும்?” என்றாள்.

“தெரியலையே” என்றார் அர்த்தநாரி.

அவள் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தாள். மீதி வந்தால் உட்கார இடம் வேண்டும் என்று, சோபாவில் இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.