ஒரே சூட்டு ஜாடி

1

இந்தக் கதை எனக்கு மழையில் கிடைத்தது. ஒதுங்க இடம் தேடி ஒரு மண்பாண்டப் பட்டறைக்குள் நுழைந்தேன். அங்கே அக்காவும் தங்கையும் இடுப்பளவு ஜாடி ஒன்றை ஆளுக்கொரு பக்கம் அணைத்தபடி நின்றார்கள்.

(மழை பொய். நல்ல வெயில். வேலையில்லாமல் எட்டிப் பார்த்தேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்காது.)

2

முதல் தொடக்கம்: 'களிமண்ணைப் போலவே மனித மனமும்...' வேண்டாம். இப்படித் தொடங்குகிறவனை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: இருவரும் பேசி ஆறு வருடம். சூளை ஒன்று, சக்கரம் ஒன்று, பேச்சு மட்டும் கிடையாது. இந்த ஜாடியும் தேறாவிட்டால் பட்டறைக்கு நடுவே சுவர் எழுப்புவதென்று முடிவாகியிருந்தது. சண்டைக்குக் காரணம் அவர்களுக்கே மறந்துவிட்டது. [திருத்தம்: மறக்கவில்லை. எனக்குச் சொல்லவில்லை.]

3

மற்றவர்கள் ஒருமுறை சுட்டு, மெருகு பூசி, மறுபடி சுடுவார்கள். இவர்கள் பச்சைப் பானையில் பூசி ஒரே சூட்டில் முடிப்பவர்கள். மெருகு என்பது சாம்பலும் மண்ணும் கரைத்த குழம்பு. நெருப்பில் உருகிக் கண்ணாடியாகும். சுடாத மண்ணோ தண்ணீரை உறிஞ்சித் தளரும். ஆகவே இன்று உள்பக்கம், காய்ந்தபின் நாளை வெளிப்பக்கம்.

காலையில் அக்கா உள்ளே பூசினாள், சொல்லவில்லை. மதியம் தங்கை வெளியே பூசினாள், கேட்கவில்லை. ஜாடியின் வயிறு சரியத் தொடங்கியது. இருவரும் பாய்ந்து பிடித்தார்கள்.

4

"கைய எடுத்துடாதடி."

"நீ மொதல்ல மூச்சப் பிடி. ஜாடி ஆடுது."

"கண்ணு தெரியல? உள்ள ஈரம்."

"வாயத் திறந்து சொன்னா முத்து கொட்டிடுமா?"

"மூக்கு அரிக்குது."

"ஆறு வருஷம் கழிச்சுப் பேசுற பேச்சா இது?"

"அரிக்குதுடி!"

தங்கை எட்டித் தன் தோளால் அக்காவின் மூக்கைத் தேய்த்துவிட்டாள்.

மண் இறுக ஏழு மணி நேரம் நின்றார்கள். (நான்கு. சரி, இரண்டரை. ஜாடியைக் கேட்டால் ஏழென்றுதான் சொல்லும்.)

5

ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டு ஜாடியைச் சூளையில் அடுக்கினார்கள். ஈரம் மிச்சமிருந்தால் வெடிக்கும் என்பதால் சூட்டை அங்குலம் அங்குலமாக ஏற்றினார்கள். மறுநாள் பிற்பகல், சூளையின் பார்வைத் துளையிலிருந்த செங்கல்லை அக்கா உருவினாள்.

உள்ளே ஜாடி இல்லை. சுவரும் இல்லை, தீயும் இல்லை. எல்லாம் ஒரே வெளிச்சம்.

அக்கா துளைக்குள் மெல்ல ஊதினாள். அந்த மூச்சில் ஒரு கணம் ஜாடி தோன்றியது: நிமிர்ந்து, நனைந்ததுபோல் பளபளத்து. பிறகு வெளிச்சத்துக்குள் போய்விட்டது.

வாழ்நாளெல்லாம் கூட்டிச் சொல்லியே காலம் தள்ளியவன் நான். இதில் கூட்ட எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

6

முடிவு அ: முழுசாக வந்தது. இனிப்பு அதிகம்.

முடிவு ஆ: ஜாடி இரண்டாக... இதை எழுதக் கை வரவில்லை.

நடந்தவரை சொல்கிறேன். இரண்டு நாள் ஆறிய சூளையருகே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளிருந்து 'டிங்' என்றது. மெருகு இறுகினாலும் அந்தச் சத்தம்தான், ஜாடி பிளந்தாலும் அந்தச் சத்தம்தான்.

"விரிஞ்சிருந்தா சுவருதானா?" என்றாள் தங்கை.

"விரிஞ்சிருந்தா நாளைக்கு மண்ணு மிதிக்கணும். வழக்கம்போல ஆடி அசைஞ்சு வராத."

மறுபடி 'டிங்'.

இருவருக்கும் எழத் தைரியமில்லை. எனக்கு முழங்கால் வலி. சூளை வாயை அடைத்திருக்கும் வாசற்செங்கல் இப்போது கை பொறுக்கும் சூட்டில்தான் இருக்கிறது. நீங்கள்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள்.