உன்னைத்தான், கிளெம்

மனைவி டோரீனின் அடக்கம் முடிந்த நான்காம் நாள் கோழிக்கூட்டைச் சாத்த கிளெம் மறந்துவிட்டார். நரி மறக்கவில்லை. டோரீன் இருபத்தாறு வருடம் இனம் கலக்காமல் காப்பாற்றிய சாம்பல் நிறக் குட்டைக் கோழிகள், சேவல் உட்பட, வெறும் இறகாகிக் கிடந்தன. மிச்சம், சமையல்கட்டுக் கிண்ணத்தில் பதினொரு முட்டை. முந்தின நாள்தான் அதிலிருந்து இரண்டை எடுத்து ஆம்லெட் போட்டிருந்தார். அடக்கத்தில் அழாத மனிதர் அந்த ஆம்லெட்டுக்காக அழுதார்.

டோரீனின் முட்டை பொரிக்கும் அடைப்பெட்டியை எடுத்து, பதினொன்றையும் அதில் வைத்தார். பழைய ஐஸ்பெட்டியில் பல்பு மாட்டி அவளே செய்தது. மூடியில் அவள் கையெழுத்து: 'பதினெட்டாம் நாளுக்குப் பிறகு திறக்காதே. உன்னைத்தான், கிளெம்.' முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள், ஆளைத் தெரிந்து எழுதியிருந்தாள்.

தினம் மூன்று வேளை முட்டைகளைத் திருப்பி வைத்தார். பதினெட்டாம் நாள் விளக்கு பிடித்துப் பார்த்ததில் எட்டு முட்டையில் உயிர் இருந்தது. பஞ்சை நனைத்து வைத்து, மூடியைச் சாத்தினார். மீட்டரில் ஈரப்பதம் அறுபத்தேழு. குறைந்தால் பக்கவாட்டுக் குழாய் வழியாகத் தண்ணீர் விட்டால் போதும்.

இருபத்தோராம் நாள் வடகாற்று அடித்தது. பாலைவனத்திலிருந்து நேராக அவர் வீட்டைத் தேடி வந்தது போல அப்படி ஒரு வறட்டுக் காற்று. மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தார், ஏழு முட்டையில் விரிசல் விட்டிருந்தது. அதில் ஒன்றுக்குள் குஞ்சு காலையிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்துப் பண்ணை நோலாவுக்குப் போன் போட்டார்.

"மூடியக் கொஞ்சூண்டு தூக்கிப் பாக்கவா?"

"இந்தக் காத்து உள்ள போச்சுன்னா சவ்வு காஞ்சு குஞ்சச் சுத்தி இறுக்கிரும். தொறந்தேன்னு வெச்சுக்க, உன்னையே அந்தப் பெட்டிக்குள்ள போட்டு மூடிருவேன். டீயப் போட்டுக்கிட்டு வெளிய போய் உக்காரு."

ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னார்கள். உள்ளே டோரீன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. கிளெம் சொல்பேச்சுக் கேட்டு, வெளியே உட்கார்ந்து டீ குடித்தார். கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இந்தமுறை டீயைப் போட்டார், குடிக்கவில்லை. மூடியைத் தூக்கி, நகத்தால் முட்டையோட்டை உரித்து, கத்திய குஞ்சை வெளியே எடுத்தார். பத்து நிமிடம் ஆனது. மீட்டரில் ஈரப்பதம் இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது.

சாயங்காலம் நோலா வந்து மற்ற முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாள். முழுசாக வளர்ந்த குஞ்சுகள், காய்ந்த காகிதத்தில் சுற்றிக் கட்டியது போல.

"தொறந்தியா?" என்று கேட்டாள்.

"கூப்புட்டுச்சு, நோலா."

ஆறு வாரத்தில் குஞ்சுக்குக் கொண்டை சிவந்தது. சேவல். அந்த இனத்தில் பெட்டை இனி எங்கேயும் இல்லை. அது தினமும் விடியலில் கூவுகிறது. ஒவ்வொரு முறையும் கிளெம் கதவைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்கிறார்.