லோர்னா வேல் இரண்டு பேரான வாரம்

1938 பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நடிகை லோர்னா வேல் சான்டா மோனிகா போலோ மைதானத்தில் உட்கார்ந்து ஸ்ட்ராபெர்ரி ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். அதே மூன்று மணிக்கு, அங்கிருந்து இருபத்தைந்து மைல் தள்ளி, பாசடீனாவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய அநாதை இல்லத்தில் நாற்பது குழந்தைகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் சாட்சி இருந்தது. இரண்டுக்கும் புகைப்படம் இருந்தது. அந்த வாரம் ஆரஞ்சு டஜன் பதினைந்து சென்ட்.

தவறு எட்னா ஹவ்லிக்குடையது. அவள் கிரெஸ்ட்லேண்ட் படநிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் கிசுகிசு தட்டச்சு செய்பவள். ஒமாஹாவில் பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவரின் மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நான்கு வருடம் வரலாறு படித்துவிட்டு வந்தவளுக்கு ஹாலிவுட் கொடுத்த வேலை, நடக்காததை நடந்ததாக எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை யார் யாரோடு எங்கே சிரித்தார்கள் என்பதை அவள் முந்தின வியாழக்கிழமையே தட்டச்சு செய்துவிடுவாள். செய்தி முதலில் போகும், ஞாயிற்றுக்கிழமை பின்னால் வந்து சேரும். ஊரில் பத்திரிகைகளுக்குக் கிசுகிசுப் பத்தி எழுதும் பெரிய பத்திக்காரிகள் இரண்டு பேர் இருந்தார்கள்: பிரிஸ்காட் அம்மாள், டாலிவர் அம்மாள். ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் காபியைக் கீழே வைத்துவிடுவார். ஒருத்திக்குக் கொடுத்த துணுக்கை மற்றவளுக்குக் கொடுத்தால், கொலையைக்கூட மன்னிக்கும் அந்த ஊர் அதை மன்னிக்காது. அதனால் எட்னா எப்போதும் ஆளுக்கொரு துணுக்கு கொடுப்பாள். வியாழக்கிழமை பிரிஸ்காட் அம்மாளுக்குப் போலோ மைதானம் போயிற்று. வெள்ளிக்கிழமை லோர்னா வந்து அழுதாள். அவளுக்காக டாலிவர் அம்மாளுக்கு அநாதை இல்லம் போயிற்று. போலோத் துணுக்கைத் திரும்ப வாங்க வேண்டும் என்று எட்னா நினைத்தாள்தான். ஆனால் அன்று பூராவும் வேறொரு நடிகனின் விவாகரத்தை மறுத்து ஏழு விதமாக எழுத வேண்டியிருந்தது. மறந்துவிட்டாள்.

லோர்னா அழுததற்குக் காரணம் உண்டு. அவளுடைய சொந்தப் பெயர் மிர்ட்டில் ஸ்டப்ஸ், ஊர் ஆர்கன்சா, வயது இருபத்தைந்து. நிறுவனம் அவளுக்கு வைத்த வயது பத்தொன்பது. அநாதை இல்லத்திலிருந்த நாற்பதில் ஒன்று அவள் பெற்ற பிள்ளை, ஆறு வயது ஜூனி. லோர்னாவின் ஒப்பந்தத்தில் இடுப்புக்கு ஒரு ஷரத்து, எடைக்கு ஒரு ஷரத்து, ஒழுக்கத்துக்கு மூன்று ஷரத்து. பிள்ளை இருப்பது தெரிந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும். பிள்ளையை விட்டு ஓடிப்போன துணி வியாபாரிக்கு ஒரு ஷரத்தும் கிடையாது. அவன் டல்லஸில் சௌக்கியமாக இருந்தான். மாதம் ஒரு ஞாயிறு, தர்மம் செய்ய வந்த சீமாட்டியைப் போலத் தொப்பி வைத்துக்கொண்டு போய் மிர்ட்டில் தன் பிள்ளைக்குப் பழம் உரித்துக் கொடுப்பாள். இந்த மாதம் சிஸ்டர் பெர்பெச்சுவா சொல்லி அனுப்பியிருந்தார்: பிரெஸ்னோவிலிருந்து ஒரு தம்பதி ஜூனியைத் தத்தெடுக்கக் கேட்கிறார்கள், பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருகிறார்கள், அன்று அதற்கு முன் பெற்றவள் சொந்தப் பெயரில் வந்து நின்றால் சரி, இல்லையென்றால் தத்துக்குக் கையெழுத்தாகிவிடும்.

திங்கட்கிழமை காலை மிர்ட்டில் நிறுவனத்தின் வாசலுக்கு வந்தபோது காவலாளி பைப்பை வாயிலிருந்து எடுத்தான்.

"நீங்க ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ள போயிட்டீங்களே மேடம்."

"நான் இப்பதான்யா வரேன்."

"அப்ப இன்னொரு தடவை போங்க. எனக்கென்ன, கதவத் தொறக்கதானே சம்பளம்."

ஒப்பனை அறை நாற்காலியில் லோர்னா வேல் உட்கார்ந்திருந்தாள். அதே முகம், ஆனால் தூங்கி எழுந்த வீக்கம் இல்லை, பேச்சில் ஆர்கன்சா இழுவை இல்லை. எதைக் கேட்டாலும் பத்தியில் அச்சானது போலவே பதில் வந்தது. 'மழையும் என் நாய்க்குட்டியும் போதும் எனக்கு' என்றாள். ஒப்பனைக்காரி அவளுக்குப் புருவம் தீட்டிவிட்டு, மிர்ட்டிலையும் உட்காரச் சொல்லி அவளுக்கும் தீட்டினாள். மேலதிக வேலைக்குச் சங்கத்தில் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டாள்.

விளம்பரப் பிரிவின் தலைவர் கஸ் ஃபென்விக் இருவரையும் சுற்றி ஒரு நடை நடந்தார். பல்லைக்கூடப் பார்த்தார். எட்னாவுக்குத் தன் அப்பா வேலை பார்த்த கூடத்துக்குப் பன்றி வாங்க வருகிறவர்கள் ஞாபகம் வந்தது. வக்கீல் வந்து ஒப்பந்தத்தைப் புரட்டினார். அதில் லோர்னா வேல் என்றுதான் இருந்தது. மிர்ட்டில் ஸ்டப்ஸ் என்று ஒரு இடத்திலும் இல்லை. அந்தப் பெயரை அழித்ததே ஃபென்விக்தான். லோர்னா இதோ உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டால் வருகிறாள், அப்படியானால் இந்த இன்னொருத்தி நமக்கு யாரும் இல்லை என்றார் வக்கீல். ஃபென்விக் சிரித்தார்.

"யாரும் இல்லேன்னா யாராவது ஆக்கிட்டாப் போச்சு. தங்கச்சி! லாரா வேல். பதினெட்டு வயசு. எட்னா கண்ணு, வியாழக்கிழமை அடிச்சுடு: வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு லாரா ரயில்ல வந்து இறங்கறா, அக்கா ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறா, ஸ்டேஷனே கண்ணீர் விடுது. பிரிஸ்காட் அம்மாவுக்கு மட்டும் குடு. ஒரு முகம், ரெண்டு படம்!"

"அவ சம்மதிக்கணும்ல சார்?" என்றாள் எட்னா.

"அச்சுல வந்தப்புறம் சம்மதம் எதுக்குடா கண்ணு?"

அதுதான் விஷயம். போலோ மைதானத்துக்குப் போனவளை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. எழுதியிருந்தது, கால்கள் போயின. மிர்ட்டில் இதை எட்னாவுக்கு முன்பே புரிந்துகொண்டாள். பெண்கள் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள்.

"என்னையும் அச்சுல ஏத்திட்டா, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என் காலு தானா ஸ்டேஷன்ல போய் நிக்கும் எட்னா. அங்க அவங்க என் பிள்ளையக் கார்ல ஏத்துவாங்க. நான் இங்க பூச்செண்டு வாங்கிட்டு இளிச்சிட்டு நிப்பேன்."

"நான் அடிக்கலைன்னா அவன் வேற ஒருத்திய வச்சு அடிப்பான்."

"அப்ப?"

"யோசிக்க விடு. நாலு வருஷம் படிச்சது சும்மா இல்ல."

எட்னா மூன்று நாள் யோசித்தாள். துணுக்கைத் தப்பும் தவறுமாக எழுதலாம், பத்தி ஆபீஸில் திருத்திவிடுவார்கள். தொலைத்துவிடலாம், மறு பிரதி கேட்பார்கள். இவற்றில் எதையும் அவள் செய்யவில்லை. வியாழக்கிழமை காலை, தன் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமான துணுக்கை அடித்தாள். லாராவின் சுருட்டை முடி, ரயிலின் புகை, சகோதரிகளின் கண்ணீர் எல்லாம் வந்தன. மேலே 'பிரிஸ்காட் அம்மாளுக்கு மட்டும்' என்று சிவப்பில் அடித்தாள். பிறகு அதன் கார்பன் நகலை, அந்த மேல் வரி மங்கலாகத் தெரிய, டாலிவர் அம்மாளுக்கு அனுப்பினாள். பிரிஸ்காட் அம்மாளுக்குப் போன உறையில் டாலிவர் அம்மாளின் முகவரி எழுதிய சீட்டையும் சேர்த்துப் போட்டாள். இரண்டு உறைகளும் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்ந்தன.

பன்னிரண்டே காலுக்கு ஃபென்விக்கின் மேசையிலிருந்த இரண்டு தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடித்தன. பக்கத்து அறைவரை கேட்டது. பிரிஸ்காட் அம்மாள், தான் உயிரோடிருக்கும் வரை லோர்னாவுக்கு ஒரு தங்கை என்று தன் பத்தியில் ஒரு எழுத்து வராது என்றார். டாலிவர் அம்மாள், எச்சில் தட்டை எனக்கு நீட்டுவாயா, அந்தத் தங்கை பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள் என்றார். பத்து வருடத்தில் அந்த இருவரும் ஒத்துப்போனது அன்று ஒரு தடவைதான். ஃபென்விக் இரண்டு காதிலும் இரண்டு குழலை வைத்துக்கொண்டு, மன்னிப்பை எந்தப் பக்கம் முதலில் சொல்வது என்று தெரியாமல் வியர்த்தார்.

"என்னடி பண்ணித் தொலைச்ச!" என்று வெளியே வந்து கத்தினார்.

"கார்பன் தாள் மாறிடுச்சு சார்."

"மாறல. நீ மாத்தின. இந்த ஊர்ல இனி உனக்குத் தெருக் கூட்டற வேலைகூடக் கிடைக்காது."

"தெருவாவது உண்மையா இருக்கும் சார்" என்றாள் எட்னா. தட்டச்சு இயந்திரத்தின் மேல் உறையை ஒழுங்காக மூடினாள், தொப்பியை எடுத்துக்கொண்டாள். கூடத்தைத் தாண்டி வெளியே நடந்தாள்.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகைகளில் லாரா வேல் இல்லை. மிர்ட்டில் விடிந்ததும் படுக்கையில் உட்கார்ந்து, கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். அவை அவள் சொன்னபடி கேட்டன. எட்னாவும் அவளும் பேருந்தில் பாசடீனா போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். பிரெஸ்னோ தம்பதி வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள், பொம்மைகூட வாங்கி வந்திருந்தார்கள். மிர்ட்டில் தொப்பி இல்லாமல் உள்ளே போனாள். பெற்றவள் நான் என்று சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெயரை எழுதி ஐந்து வருடமாகியிருந்ததால் ஸ்டப்ஸில் ஒரு எழுத்து கூடிவிட்டது. சிஸ்டர் பெர்பெச்சுவா அதை அடித்துத் திருத்தினார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?" என்று கேட்டாள் ஜூனி.

"இல்லடி."

"அப்ப எதுக்கு வந்தீங்க சீமாட்டி?"

"சீமாட்டி இல்ல, அம்மா. வீட்டுக்குப் போலாம் வா."

"வீடு எங்க இருக்கு?"

மிர்ட்டில் எட்னாவைப் பார்த்தாள். "பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு மூணு மணிக்கு ஒரு வண்டி இருக்கு" என்றாள் எட்னா. அவளுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

பிரெஸ்னோ தம்பதி அந்தப் பொம்மையை ஜூனிக்கே கொடுத்துவிட்டு, வேறொரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டில் எண்ணெய்க் கிணற்று ஆட்களும் பருத்தி பொறுக்குகிறவர்களும் சாப்பிடும் தெருவில் மிர்ட்டில் ஒரு கடை போட்டாள். ஆர்கன்சா பாணியில் பீன்ஸும் சோள ரொட்டியும் செய்தாள். எட்னா அங்கேயே பள்ளியில் வரலாறு எடுத்தாள்; நடந்ததை மட்டும். எதிரே இருந்த திரையரங்கில் லோர்னா வேலின் படங்கள் பதினொன்று வந்தன. மிர்ட்டில் ஒவ்வொன்றுக்கும் சீட்டு வாங்கிப் போய்ப் பார்த்தாள். பரவாயில்லை, முன்னைவிட நன்றாக அழுகிறாள் என்பது அவள் கருத்து. 'நீங்க அவள மாதிரியே இருக்கீங்களே' என்று சாப்பிட வந்தவர்கள் கேட்டால், 'அவதான்யா என்னை மாதிரி இருக்கா, குழம்பு இன்னும் ஊத்தவா?' என்பாள்.

யுத்தம் முடிந்தபின் பத்திகளில் வேறு முகங்கள் வந்தன. லோர்னாவைப் பற்றி ஒன்றும் எழுதாத நாட்களில் அவளுக்குப் போய் நிற்க ஓர் இடம் இல்லாமல் போயிற்று. 1946இல் ஒரு செவ்வாய்க்கிழமை முதன்முதலாகக் கடைக்கு வந்தாள். வரிசையில் நின்றாள், சாப்பிட்டாள், மறுநாள் ஏதோ விருந்தில் அவள் பெயர் அச்சாகியிருந்ததால் எழுந்து போனாள். பிறகு மாதம் நாலு நாள், பத்து நாள் என்றாகி, 1949 கிறிஸ்துமஸுக்கு வந்தவள் போகவில்லை. இப்போது அவளுக்கும் கண்ணோரம் சுருக்கம் விழுந்திருந்தது. ஜூனி தன் அறையில் பாதியைக் கொடுத்தாள். உருளைக்கிழங்கை மட்டும் லோர்னா கனமாகத் தோல் சீவினாள், அதற்காக மிர்ட்டில் அவளைத் தினமும் திட்டினாள்.

1950 ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர் வந்தார். தன் வீட்டிலிருந்து வந்திருந்த எட்னா மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார் அவர். மூன்று பேர் என்றாள் மிர்ட்டில்: நான், என் மகள், அப்புறம் அதோ அவள். அவர் நிமிர்ந்து அடுப்படியில் நின்றவளைப் பார்த்தார், திரும்பி மிர்ட்டிலைப் பார்த்தார்.

"அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"எனக்குப் பதிலா வேலைக்குப் போயிட்டு இருந்தவங்க. இப்ப ஓய்வு."

குடித்தனக்காரி என்று எழுதிக்கொண்டு, வீட்டில் ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார்.