மாமியாரின் பல்

அந்த அறையில் காலையிலேயே இருட்டிவிடும். கடலில் வாழும் கூம்பு நத்தைகள் இரவில்தான் இரை தேடும் என்பதால், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி ஒரே ஒரு சிவப்பு விளக்கை எரியவிட்டிருந்தார்கள். ஏமாந்தது நத்தைகளா, தானா என்று அவளுக்குச் சந்தேகம். பகலெல்லாம் இருட்டில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனால் தூக்கம் வருவதில்லை.

அவள் வேலை, நத்தைகளிடம் விஷம் வாங்குவது. சின்னக் குழாயின் வாயில் மெல்லிய ரப்பரை இழுத்துக் கட்டி, மேலே மீன் துடுப்பில் ஒரு துண்டை ஒட்டி, நீண்ட இடுக்கியால் தொட்டிக்குள் பிடிக்க வேண்டும். நத்தை மணலிலிருந்து தும்பிக்கை போன்ற ஒன்றை நீட்டும். அதன் நுனியில் ஒரு பல், ஊசிபோல உள்ளே துளை, ஈட்டிபோல ஓரத்தில் கொக்கி. ஒரு பல் ஒரு கொட்டுக்குத்தான். அடுத்ததற்கு வேறு பல். ரப்பரைக் குத்தினால் குழாயில் ஒரு சொட்டு விஷம் விழும். கூலியாக உடனே ஒரு மீன் போட வேண்டும். அந்தச் சொட்டில் வலி மருந்து இருக்கிறதா என்று மேல்மாடி ஆய்வகத்தில் மேடம் தேடிக்கொண்டிருந்தார்.

மூலைத் தொட்டியில் இருந்த பெரிய நத்தைக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தவர், மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் பம்பு அண்ணன். பல வாரங்களாக அது கொட்டவில்லை.

"இன்னைக்கும் கொட்டலேன்னா சாயங்காலம் அறுத்துடலாம். உள்ள இருக்கிற விஷமாவது கிடைக்கும்" என்று காலையில் மேடம் சொல்லிவிட்டார்.

"உங்க வீட்டு மாமியார்கிட்ட ஒரு வாரம் ட்ரெயினிங் அனுப்பிப் பாரேன்" என்றார் பம்பு அண்ணன்.

"அவங்க குரலைக் கேட்டா இது மணலை விட்டே வெளிய வராதுண்ணே."

சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். அவள் குழாயைப் பிடித்தபடி நின்றாள். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். மோட்டார் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. மாமியார் மணலுக்கு மேல் மூக்கை மட்டும் நீட்டித் தண்ணீரை மோந்துகொண்டிருந்தது. வாடி, ஒரே ஒரு தடவை, என்று நினைத்தது வரைக்கும்தான் அவளுக்கு ஞாபகம்.

யாரோ விரலைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தபோது இடுக்கி தொட்டியின் அடியில் கிடந்தது. கை முழங்கை வரை தண்ணீருக்குள். வெடுக்கென்று உருவினாள்.

வேலைக்கென்று கொடுத்திருந்த நீளக் கையுறை ஆண்கள் அளவு. விரல் நுனிகள் எப்போதும் காலியாகத் தொங்கும். மாற்றித் தரச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். அந்தக் காலி நுனியில் கண்ணாடிச் சில்லுபோல ஒரு பல் குத்தி நின்றது. மெதுவாகக் கழற்றிப் பார்த்தாள். நுனிக்குள் பால்போல ஒரு சொட்டு. விரலில் கீறல்கூட இல்லை.

கையுறையைக் குப்பையில் போட்டால் அவள் தூங்கியது யாருக்கும் தெரியாது. சாயங்காலம் மாமியாருக்குக் கத்தி வரும், அவ்வளவுதான். அவள் அதைக் கிண்ணத்தில் வைத்து மாடியேறினாள்.

மேடம் முதலில் சொட்டை உறிஞ்சி எடுத்துப் பத்திரப்படுத்தினார். பிறகு நிமிர்ந்தார்.

"கை எப்படித் தண்ணிக்குள்ள போச்சு?"

"தூங்கிட்டேன் மேடம்."

மேடம் அவள் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "செத்துப் போயிருப்பே, தெரியுமா?"

"தெரியும் மேடம். ஆனா அது கொட்டிடுச்சு."

"சரி, அறுக்கலை. நீ இனிமே அந்த ரூமுக்குள்ள கால் வைக்கக்கூடாது. பாட்டில் கழுவுற இடத்துக்குப் போ."

கழுவும் இடத்தில் பெரிய ஜன்னல் இருந்தது. வெயிலில் கண் கூசியது. விஷயம் கேள்விப்பட்டு பம்பு அண்ணன் ஓடி வந்தார்.

"கடைசியில மாமியார் உன்னை வீட்டை விட்டே துரத்திட்டாளே!"

"போகட்டும்ணே. அதுக்கு மீன் போட்டீங்களா?"

"நான் எதுக்குப் போடணும்?"

"கொட்டியிருக்குல்ல. உடனே போடலேன்னா மறுபடி கொட்டாதுண்ணே. ஓடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து முதல் பாட்டிலை எடுத்தாள். அதைக் கழுவி முடிப்பதற்குள் இரண்டு முறை கொட்டாவி வந்தது.