ஏழாம் மாடியில் தாய்மாமன்

கொழும்புக்கு வரமாட்டேன் என்று ராக்காயி முதலிலேயே சொல்லிவிட்டாள். சொன்னதோடு விட்டாளா என்றால் இல்லை. டயகமத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் அந்தக் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கிற மாதிரி சட்டியை நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உங்க தங்கச்சிக்கு இப்பத்தான் அண்ணன் நெனப்பு வந்துருக்கு. புள்ளைக்குக் காது குத்தணும், தாய்மாமன் மடி வேணும். மடி மட்டும் தனியா கெடைக்கும்னா அதை மட்டும் அனுப்பச் சொல்லியிருப்பா."

புருஷன் அழகுமுத்து, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்குக் கூடப்பிறந்தவள் நாகலெட்சுமி ஒருத்திதான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைக் கொழுந்துக் கூடை தூக்கவிடாமல் தலவாக்கலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிக்கவைத்தவன் அவன். அவளுக்குத் தலை பின்னி, சோறு கட்டிக் கொடுத்து, காய்ச்சல் கண்டால் பக்கத்தில் உட்கார்ந்தவள் ராக்காயி. அந்தப் பிள்ளை தலவாக்கலைப் புடவைக்கடை முதலாளியின் மகன் பொன்னையாவைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனதோடு சரி, தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது கடை வேன் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். கடை இங்கே, குடும்பம் இந்தியாவில் என்று இத்தனை காலம் அங்கேயே இருந்துவிட்ட பொன்னையாவின் அம்மா முதல் தடவையாக வருகிறார். அவர் முன்னால் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அண்ணன் கட்டாயம் வர வேண்டும். அழகுமுத்து அட்டனில் ஆசாரியிடம் சொல்லிக் குழந்தைக்குத் தோடு செய்து வாங்கினான். மருமகளுக்குப் பட்டுப் பாவாடை எடுத்தான். அவன் ஒற்றையாகப் போய் நின்று ஏமாந்துவிடுவானே என்றுதான் கடைசியில் ராக்காயியும் ரயில் ஏறினாள்.

நாகலெட்சுமியின் வீடு கடற்கரைப் பக்கம் புதிதாய்க் கட்டிய அடுக்குமாடியில் ஏழாவது மாடி. தரை வழுவழுவென்று முகம் தெரிகிற மாதிரி இருந்தது. தண்ணீருக்குக் குழாய், குளிர்ச்சிக்கு ஒரு பெட்டி, வெளிச்சத்துக்குப் பித்தான். குளிக்கிற அறை மட்டுமே லயத்துக் காம்பராவைவிடப் பெரிது. அந்தக் காம்பராவில் ராக்காயி மூன்று பிள்ளைகளைப் பெற்று, ஒன்றைப் பறிகொடுத்தும் இருக்கிறாள். இங்கே அந்த அளவு இடத்தை மேல் கழுவுவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதை அவள் மறைக்கவும் இல்லை.

"மண்ணுல கால் படாத வூடு. இதுல எப்புடி மனுசன் தூங்குறது," என்றாள்.

"மெதுவாப் பேசுங்க அண்ணி. பக்கத்து வீட்டுல கேக்கும்," என்றாள் நாகலெட்சுமி.

வந்த நாளிலிருந்து இதுதான் பாட்டு. மெதுவாகப் பேசுங்கள். தேத்தண்ணியை உறிஞ்சிக் குடிக்காதீர்கள். துணியை முன் பால்கனியில் காயப்போடாதீர்கள், கீழே கார் வைத்திருப்பவர்கள் பார்ப்பார்கள். அழகுமுத்து எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். தங்கச்சி வாயிலிருந்து எது வந்தாலும் அவனுக்கு இனிப்புத்தான்.

மாமியார் வருகிற அன்று மத்தியானம்தான் விஷயம் வெளியே வந்தது. நாகலெட்சுமி புருஷனுடைய கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"அத்தைகிட்ட நீங்க தோட்டத்துல பெரிய கணக்கப்புள்ளைன்னு சொல்லியிருக்கோம் அண்ணே. கேட்டாங்கன்னா ஆமான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்."

பெரிய கணக்கப்பிள்ளை என்றால் தோட்டத்தில் துரைக்கு அடுத்த தெய்வம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அவர் வாயைத் திறந்தால் மொத்த ஆளும் நடுங்கும். அழகுமுத்து அந்த நடுங்குகிற கூட்டத்தில் ஒருத்தன். ராக்காயிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஏன்டி, கவ்வாத்து வெட்டுற கையி ஒன்னைய வளக்கலியா? அதைச் சொன்னா வாய் வெந்துருமா?"

"ஒங்களுக்கு அவங்களப் பத்தித் தெரியாது அண்ணி. இந்தக் கல்யாணமே வேணாமுன்னு நின்னவங்க. தோட்டத்துக் கூலி வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சா என்னைய ஒரு நாள் இங்க வச்சிருக்க மாட்டாங்க."

"விடு ராக்காயி," என்றான் அழகுமுத்து. கோட்டை மாட்டி, வழக்கப்படி தோளில் துண்டையும் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். தோள் தொங்கியது, கை நீண்டது. ஆனாலும் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். "மடியில புள்ளைய வச்சுக் காது குத்தணும், அவ்வளவுதானே. அதுக்கு என்ன பேருல உக்காந்தா என்ன."

சாயங்காலம், கப்பலிறங்கி ரயிலில் வந்த தாயை ஸ்டேஷனிலிருந்து பொன்னையா கூட்டிவந்தான். சண்முகவடிவு அம்மாள் குண்டு மனுஷி, கழுத்து நிறைய நகை, கண்ணில் கூர்மை. வரவேற்க எல்லோரும் கீழே போயிருந்தார்கள். பொன்னையா பெட்டிகளைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருக்க, மற்றவர்கள் லிப்ட்டுக்குள் ஏறினார்கள். அம்மாள் அழகுமுத்துவை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு மருமகளிடம் திரும்பி, "இவுகதான்..." என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் லிப்ட்டுக்குள் வந்தார். மேல் மாடியில் குடியிருக்கிறவர் போலிருக்கிறது. கையில் ரொட்டிப் பொட்டலம், காலில் செருப்பு. யாரையும் அவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

தோட்டத்தில் துரை வருகிற பாதையில் கூலி நிற்கக்கூடாது. குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், தோளில் துண்டு இருந்தால் கக்கத்துக்குப் போக வேண்டும், ஆள் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். சுதந்திரம் கிடைத்துப் பல வருஷமாகியும் அங்கே அதுதான் சட்டம். அழகுமுத்துவுக்கு யோசிக்கிற பழக்கமே அதில் இல்லை. வெள்ளைத் தோலைக் கண்டதும் துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது, முதுகு வளைந்துவிட்டது.

"சலாங்க தொரை," என்றான். என்றதோடு ராக்காயியின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு லிப்ட்டை விட்டு வெளியே இறங்கிச் சுவரோடு ஒட்டி நின்றான்.

கதவு மூடிக்கொண்டது. மூடுகிற அந்த இடைவெளியில் ராக்காயி நாகலெட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். பேயறைந்த முகம்.

லிப்ட்டுப் பெட்டி மேலே போய்விட்டது. அழகுமுத்து சுவரை விட்டு நகர்ந்து, தான் செய்தது என்னவென்று அப்போதுதான் உணர்ந்தவனாய் நின்றான். "பழக்கத்துல வந்துருச்சு," என்றான். ராக்காயிக்குத் திட்ட வேண்டும் என்றுதான் வாய் வந்தது. அவளும் அதே இடத்தில் தலைகுனிந்துதான் நின்றிருந்தாள், பிறகு எந்த வாயால் திட்டுவது. திரும்பவும் அந்தப் பெட்டிக்குள் ஏறத் துணிச்சலில்லாமல் இரண்டு பேரும் படியேறினார்கள்.

ஏழு மாடியும் ஏறி மூச்சு வாங்க வாசலுக்கு வந்தபோது சண்முகவடிவு அம்மாள் கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"சீர் கொண்டாந்த ஆளுங்க வந்துட்டாங்க பாரு லெட்சுமி. பின்னால எடத்தைக் காட்டு. ஒங்கண்ணனுக்கு வர முடியலேன்னா ஒழுங்கான ஆளா அனுப்பக் கூடாதா? கோட்டு வேற போட்டு அனுப்பியிருக்காரு."

ஏழு மாடி ஏறுவதற்குள் கதை முடிந்திருந்தது. லிப்ட் மேலே போகிற நேரத்துக்குள் தங்கச்சி அவனைச் சீர் சுமந்துவந்த ஆளாக்கிக் கைகழுவிவிட்டாள். நாகலெட்சுமி அவர்களைப் பார்க்காமல் சமையலறையைத் தாண்டிப் பின்னாலிருந்த பால்கனிக்கு நடந்தாள். அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு ஒரு பொழுது பொறுத்துக்கங்க. அத்தை கொஞ்ச நாள்ல ஊருக்குப் போயிருவாங்க. கடைக் காசாளர் செல்லசாமிய மாமன் எடத்துல உக்கார வச்சுக் காது குத்திருவோம். வேற வழியில்ல அண்ணே."

"சரிம்மா," என்றான் அழகுமுத்து.

"என்ன சரி?" என்று ராக்காயி பாய்ந்தாள். "மாமன் உசுரோட குத்துக்கல்லு மாதிரி நிக்கையில எவனோ மடியில புள்ளைய வக்கிறதா? நம்ம சனத்துல எங்கயாச்சும் நடக்குமா இது? வாங்க, இப்பவே ரயிலுக்குப் போவோம்."

"புள்ளைக்குக் காது குத்துறதப் பாத்துட்டுப் போவோம் ராக்காயி. அடுக்களைக்குள்ள நின்னு பாத்தாக் கூடப் போதும்."

அவன் அப்படிக் கேட்டதுதான் அவளுக்கு நெஞ்சை அறுத்தது. ஒரு மனுஷன் தனக்குச் சேர வேண்டிய இடத்தை அடுக்களை வாசலில் நின்று பிச்சையாகக் கேட்கிறான். நாகலெட்சுமியின் வாயிலிருந்து "இவர்தான் என் அண்ணன்" என்ற ஒரு சொல்லைப் பிடுங்காமல் இந்த வீட்டை விட்டு இறங்குவதில்லை என்று ராக்காயி அப்போதே முடிவுகட்டினாள்.

மறுநாள் காலையில் கூடத்தில் பாய் விரித்து, தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்து, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். அண்டை வீட்டுப் பெண்கள் சிலர் பட்டுடுத்தி வந்திருந்தார்கள். அழகுமுத்து கொண்டுவந்த தோடு தாம்பாளத்தில் இருந்தது. அவன் கொண்டுவந்த பாவாடைதான் குழந்தை இடுப்பில். அவன் மட்டும் அடுக்களைக் கதவோரம் நின்றான்.

"தாய்மாமன் யாருங்க? புள்ளைய மடியில வையுங்க," என்றார் ஆசாரி.

காசாளர் செல்லசாமி கூச்சத்தோடு வந்து மணையில் உட்கார்ந்தார். குழந்தை அவர் மடியில் இருக்க மாட்டேனென்று நெளிந்து அழுதது. சண்முகவடிவு அம்மாளுக்கு முகம் சரியில்லை.

"கூடப் பொறந்தவன் இல்லாம இதைச் செய்யறது எனக்கு ஒப்பவேயில்ல. அப்பிடி என்ன தலைபோற வேலை அந்த மனுசனுக்கு?" என்றவர் அடுக்களைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ அந்தத் தோட்டந்தானே? நீ சொல்லு. ஒங்க கணக்கப்புள்ளை ஏன் வரல?"

நாகலெட்சுமியின் கண் கெஞ்சியது. பொன்னையா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். தாய் முன்னால் அவனுக்கு எப்போதும் ஏதாவது காலண்டர் கிடைத்துவிடும்.

ராக்காயி கூடத்துக்குள் வந்து நின்றாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் மறைச்சு வச்சிருந்தோமுங்க. நல்ல காரியம் கெட்டுறக் கூடாதேன்னு லெட்சுமியம்மாவும் வெளியில சொல்லல. அவங்க அண்ணன் தவறிட்டாருங்க."

ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார்.

"எப்ப?" என்றார் அம்மாள்.

"நேத்து சாயங்காலமுங்க."

சொல்லும்போதே அவள் கை ரவிக்கைக்குள் தாலியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கட்டின புருஷன் உயிரோடு நிற்கையில் எந்தப் பெண்ணும் சொல்லத் துணியாத சொல். சொன்ன வாய் கசந்தது. ஆனால் அவளுக்கு வேறு ஆயுதமில்லை. கூடப்பிறந்தவன் செத்தால் தங்கச்சிக்குத் தீட்டு. தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வீட்டில் நல்ல காரியம் எதுவும் நடக்கக்கூடாது. இனி நாகலெட்சுமி வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். உயிரோடு இருக்கிற அண்ணனுக்காகத் தலை முழுகுகிற தங்கச்சி உலகத்தில் உண்டா என்ன. அதோ நிற்கிறாரே என் அண்ணன் என்று அவள் கைகாட்டித்தான் தீர வேண்டும்.

சண்முகவடிவு அம்மாள் எழுந்துவிட்டார். "கடவுளே, சாவு விழுந்த வீட்டுலயா ஊசி எடுக்கப் பாத்தீங்க? லெட்சுமி, நெசமாவா?"

எல்லோரும் நாகலெட்சுமியைப் பார்த்தார்கள். அவள் முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணனை நேராகப் பார்த்தாள். அழகுமுத்துவும் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை, கேள்வியும் இல்லை. அவள் எது சொன்னாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக நின்றான், அதுதான் ராக்காயி கணக்கில் எடுக்காத விஷயம்.

"ஆமாங்கத்தை," என்றாள் நாகலெட்சுமி.

குழந்தையைச் செல்லசாமி மடியிலிருந்து தூக்கிப் புருஷன் கையில் கொடுத்தாள். தலையிலிருந்த பூவை எடுத்துத் தாம்பாளத்தில் போட்டாள். யாரையும் பார்க்காமல் அந்தப் பெரிய குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அண்டை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியேறினார்கள்.

ராக்காயி செருப்பால் அடி வாங்கினவள் மாதிரி அடுக்களைக்குத் திரும்பிவந்து, மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டாள். "கேட்டீங்களா சத்தத்தை? ஒங்களுக்குத்தான் தலை முழுகுறா. இன்னும் என்ன நிக்கிறீங்க?"

அழகுமுத்து குளியலறைக் கதவைப் பார்த்தபடி இருந்தான்.

"பச்சத் தண்ணியில முழுகுறா. அவளுக்குச் சின்ன வயசுலருந்து அது ஆகாது, நெஞ்சுல சளி கட்டிக்கும்," என்றான். பிறகு பானையை எடுத்துக் குழாயடியில் பிடித்து, அடுப்பில் ஏற்றி, வெந்நீர் போட நெருப்புப்பெட்டியைத் தேடினான்.

அந்த நிமிஷம் ராக்காயிக்கு நாத்தனார்மேல் இருந்ததைவிடப் புருஷன்மேல்தான் வெறுப்பு அதிகமாக வந்தது. மூட்டையோடு அவள் தனியாகப் படியிறங்கினாள்.